ஈஸ்டருக்குப் பிறகும் உபவாசம்

ஊட்டி
8.4.88

ஹில்டா,

நான்தான். தனசிங். உங்கண்ணன். ரெண்டு மாசமா இருக்கானா செத்தானான்னு தெரியாம இருந்திருப்பீங்க. சாகல. ஊட்டியில இருக்கேன். வெயில் காலத்துல மெட்ராஸ் ரேஸ் குதிரைங்கள லாரில ஏத்தி இங்க கொண்டாந்துடுவாங்க. குதிரையோட நானும் வந்துட்டேன். லாரில குதிரைக்குப் போட்ட வைக்கோல்ல பாதி எனக்கு.

இத நம்ம தெருமுனை கிளியம்மா அக்கா தையல் கடைக்கு அனுப்பறேன். வூட்டுக்கு அனுப்பினா அப்பா பிரிக்காமலே கிழிப்பார். நீ பதில் போட்டா அக்காகிட்டயே குடு.

அப்பா மேல எனக்கு இன்னும் கோவம் போவல. சொல்லிடறேன். பிளஸ் ஒன் கிளாஸுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஏழு மாசம் கிண்டி லாயத்துல குதிரை தேச்சேன், தப்புதான், இல்லங்கல. அதுக்காக "சூதாட்டக் களத்துல பொழைக்கிறவன் இந்த மேஜைல உக்காரக் கூடாது"ன்னு சாப்பிட்டுக்கினு இருந்தவன எழுப்பிவுடுவாரா? என் பூட்ஸக் கிணத்துல போடுவாரா? நான் ஒரு காசு சூதாடல. குதிரை மேல உக்காந்தேன், அவ்ளோதான். ஞானையா வாத்தியார் பையன் ஃபெயில்னு ஊரு சொல்றது தாங்கல அவருக்கு. சுவரேறிக் குதிச்சிட்டேன்.

சரி, நல்ல சேதி. எங்க டிரெய்னர் தோத்தாத்ரி சார் எனக்கு ஒரு ரைடு தரேன்னுட்டார். மே பதினாலு, சனிக்கிழம. நிஜ ரேஸ்! ப்ளூ லேடின்னு ஒரு பொட்டக் குதிரை. ஒரே பேஜாரு, எடை. அதுக்குள்ள நாலரை கிலோ எறங்கணும். ஓடறதுக்கு முன்னாடி சேணத்தக் கையில புடிச்சிக்கினு தராசுல உக்காரணும். முள்ளு தாண்டிச்சின்னா வேற பையன் ஏறிடுவான்.

அதனால இப்போ உங்கண்ணன் சோத்தப் பாத்தா சலாம் போட்டுட்டு வந்துடறான். ரெண்டு ஸ்வெட்டர் போட்டு மேல பிளாஸ்டிக் ஷீட் சுத்திக்கினு மலைமேல ஓடறேன். ரொம்பப் பசிச்சா வாயில போட்டு மென்னுட்டுத் துப்பிடறது. அதையும் மீறி முழுங்கிட்டா வேற வழி இருக்கு, இங்க பசங்க எல்லாரும் செய்றதுதான். அடுத்த பக்கத்துல படம் போட்டுக் காட்டியிருக்கேன். தொப்பை வெச்ச குதிரை, வாளிமேல குனிஞ்சிக்கினு ஒல்லியா நான். பாத்து சிரி.

அம்மாகிட்ட காட்டாத. அழுவும்.

தனசிங்


பீர்க்கன்கரணை
15.4.88

அன்புள்ள அண்ணா,

கர்த்தர் உன்னை உயிரோடு வைத்திருக்கிறார், அதுவே போதும். கிளியம்மாள் அக்கா கடிதத்தை ரவிக்கைத் துணிக்குள் மடித்துக் கொடுத்தாள். குளியலறையில் நின்றபடி மூன்று முறை படித்தேன்.

அப்பா உன் பெயரைச் சொல்வதில்லை. குடும்ப ஜெபத்தில் எப்போதும் "தனசிங்கையும் ஹில்டாவையும்" என்பார் அல்லவா, இப்போது நேரே என்னிடம் வந்துவிடுகிறார். அந்த இடம் வரும்போது அம்மா மூச்சைப் பிடித்துக்கொள்வது எனக்குக் கேட்கும்.

அதனால் லெந்து தவக்காலம் தொடங்கியதும் உனக்காக உபவாசம் எடுத்தேன். முதலில் வெள்ளி மட்டும். பிறகு புதனும். பிறகு தினமும் காலையும் மதியமும். ஈஸ்டர் அன்று எல்லாரும் உபவாசத்தை முடித்துப் பிரியாணி சாப்பிட்டார்கள். நான் முடிக்கவில்லை. நீ வரவில்லையே, எப்படி முடிப்பது?

பசிக்கவே இல்லை அண்ணா. முதல் இரண்டு வாரம்தான். இப்போது வயிறு காலியாக இருந்தால் தலை முழுக்க வெளிச்சமாக இருக்கிறது. சாப்பிட்டால்தான் அழுக்காகத் தோன்றுகிறது.

சபையில் என்னை ஜெபப் பிள்ளை என்கிறார்கள். பெண்கள் சங்கத் தலைவி அம்மா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரத்தினபாய், நீ குடுத்து வெச்சவ. என் வீட்லயும் ஒண்ணு இருக்கே, தின்றதும் கண்ணாடி பாக்கிறதும்தான்" என்றார். அம்மா சிரித்தாள். நீ போன பிறகு அவள் நாலு பேருக்கு நடுவில் சிரித்தது அன்றுதான். கிளியம்மாள் அக்காதான் முகம் சுளித்தாள். "இன்னாடி இது, போன மாசம்தானே அளவெடுத்தேன்? ஜாக்கெட்டு கொடில காயப்போட்டா மாரி தொங்குது. டேப்பு தப்பா, ஒன் ஒடம்பு தப்பா?" என்று கத்தினாள். டேப்புதான் தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னிடம் சில கேட்க வேண்டும். எழுந்து நின்றால் உனக்குக் கண் இருட்டுமா? இந்த ஏப்ரல் வெயிலில் எனக்கு விரல் நுனி எல்லாம் சில்லென்று இருக்கிறது, உனக்கும் அப்படியா? சீப்பில் முடி வருமா? மென்று துப்புவதைச் செய்து பார்த்தேன், எளிதாக இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியவில்லை. உன் படமும் புரிந்தது.

அப்பாவுக்கு ஒரு வரி மன்னிப்பு எழுதக் கூடாதா?

உன் தங்கை,
ஹில்டா


ஊட்டி
23.4.88

ஹில்டா,

லூசு. லூசு. லூசு. இதத்தான் மொதல்ல எழுதணும்.

ஒன் லெட்டர் வந்தப்ப நான் லாயத்துல இல்ல, ஆஸ்பத்திரில இருந்தேன். எனக்கு ஒண்ணும் இல்ல. ஜீவரத்தினம்னு பல்லாவரத்துப் பையன், என் வயசுதான், என் பக்கத்துலதான் படுப்பான். மூணு நாளு தண்ணிகூட சரியா குடிக்கல. காலைல குதிரைய ஓட்டிக்கினு வரும்போது ஓடற குதிரை மேலயே மயங்கிட்டான். காரை எலும்பு ரெண்டா போச்சி. லேடி டாக்டரு ஒருத்தங்க பாத்தாங்க. நாடி புடிச்சதும், "இவன் கடைசியா எப்போ சாப்பிட்டான்?"னு எங்களக் கேட்டாங்க. எல்லாம் கீழ பாக்கறோம்.

லாயத்துக்கு வந்து ஒன் லெட்டரப் பிரிச்சா நீ கேக்கற: கண் இருட்டுமா, கை சில்லுனு இருக்குமா, முடி கொட்டுமா. இதே மூணும் ஜீவா ஒரு மாசமா சொல்லிக்கினு இருந்தான் ஹில்டா.

அந்தப் படத்தக் கிழி. இப்பவே கிழி. நான் விளையாட்டா போட்டேன். ஒனக்குப் பாடம் எடுக்கறதுக்கு இல்ல.

கேளு. நான் பட்டினி கெடக்கறது வேற. எனக்குன்னு ஒரு நாளு இருக்கு. மே பதினாலு. தராசுலேந்து எறங்கி ரேஸ முடிச்சேனா, ரெண்டு பிரியாணி, மேல ஒரு ஆஃப் பாயில். முடிஞ்சிது. ஒனக்கு எந்த நாளு? லெந்து போச்சி, ஈஸ்டர் போச்சி, நீ இன்னும் நிறுத்தல. தேதி சொல்லு.

எனக்குத் தெரியும்டி ஒன்ன. எனக்குக் கோவம் வந்தா கத்துவேன், செவுத்துல குத்துவேன், ஓடிடுவேன். நீ எல்லாத்தையும் வாய்க்குள்ளயே வெச்சிப்ப. அஞ்சாங்கிளாஸ்ல தொண்ணூத்தெட்டு வாங்கிட்டு ரெண்டு மார்க்குக்காக ஜுரம் வர அளவுக்கு அழுதவ நீ. இப்போ சாப்புடாம இருக்கறதுலயும் நூத்துக்கு நூறு வாங்கப் பாக்கற. இதுல நூறு வாங்கினா இன்னா ஆவும்னு தெரியுமா?

எனக்காகன்னு சொல்லாத. எனக்கு வேணாம். இந்த லெட்டர அம்மாகிட்ட காட்டு.

தனசிங்


பீர்க்கன்கரணை
3.5.88

அண்ணா,

காட்டவில்லை. காட்ட மாட்டேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் பக்கத்து வீட்டு அம்மா வேலிப் பக்கம் நின்று, "ஏங்க, பொண்ணு இப்படி எளைச்சிட்டா, சானடோரியத்துல ஒரு தடவ காட்டிடுங்க" என்று சொல்லிவிட்டார். தாம்பரத்தில் ஒரு பெண் இளைத்தால் எல்லாருக்கும் முதலில் டி.பி.தானே தோன்றும். அம்மா அன்று முழுக்கக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். தெரு முழுக்கப் பரவினால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்று அவளுக்குப் பயம். அப்பா யாருக்கும் தெரியாமல் மேற்குத் தாம்பரத்தில் ஒரு எக்ஸ்ரே கடைக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, "நுரையீரல் சுத்தமா இருக்கு. ஒண்ணுமில்ல. வயசுப் பொண்ணு, கொஞ்சம் டானிக் குடுங்க" என்றார். நான் சாப்பிடுகிறேனா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பா, உபவாசம் எடுக்கிறாள் சார் என்று பெருமையாகச் சொல்லியிருப்பார்.

ஞாயிறு அன்று நன்றி சாட்சி சொன்னேன். கர்த்தர் என்னை எந்த நோயும் அணுகாமல் காத்தார் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கைதட்டினார்கள். போதகர் ஐயா என் தலையில் கை வைத்து ஜெபித்தார். ஆகவே எனக்கு ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே படமே சொல்லிவிட்டது.

உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத்தான் தெரியுமே. அன்று இரவும் சாப்பிடவில்லை.

நீ சாப்பிடாமல் இருந்தால் அது வீரம், அதற்கு உனக்குக் குதிரை தருகிறார்கள். நான் இருந்தால் லூசு. சின்ன வயதில் உனக்கு முழு முட்டை, எனக்குப் பாதி. வளரும் பையன் என்பாள் அம்மா. உன்னைத் துரத்தித் துரத்தி ஊட்டினாள். என்னிடம், "போதும்டி, பொம்பளப் புள்ள வயித்த வளக்காத" என்பாள். அந்தப் பாதி முட்டையையும் இப்போது நானே வேண்டாம் என்று சொல்கிறேன். அதில் உனக்கு என்ன வந்தது? உனக்குப் பிடிக்கவில்லை என்றால் சுவர் ஏறிக் குதித்தாய். நான் எங்கே குதிப்பது? நான் சொன்னபடி கேட்கிற ஒரே சாமான் இந்த உடம்புதான்.

தேதி கேட்டாயே. நீ வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கும் நாள். அன்று சாப்பிடுகிறேன்.

ஹில்டா


ஊட்டி
9.5.88

ஹில்டா,

வரேன்.

தோத்தாத்ரி சார் மூஞ்சில அடிச்சா மாரி பாத்தார். "அஞ்சு நாளு இருக்கு. இப்போ போனா அந்தக் குதிரை ஒனக்கு இல்ல. இந்த சீசன்ல எந்தக் குதிரையும் இல்ல." சரி சார்னுட்டேன். நாலரை கிலோவும் எறக்கிட்டேன் ஹில்டா, கரெக்டா நிக்குது முள்ளு. பரவால்ல.

பன்னெண்டாம் தேதி காலைல பெருங்களத்தூர்ல எறங்கறேன். அப்பா கால்ல வுழறேன். நீ சாப்புடணும். என் முன்னாடி, எல்லார் முன்னாடியும். பேச்சு மாறக் கூடாது.

தனசிங்


ஊட்டி
18.5.88

ஹில்டா,

பஸ்ஸுல வரும்போதே எழுதணும்னு நெனச்சேன். பேனா இல்ல.

ஒன்ன நான் பாத்தப்ப நீ வாசல்ல கோலி சோடா பாட்டில் மாரி இருந்த, கழுத்து மட்டும் தனியா. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியல, தெனமும் பாக்கறாங்கல்ல. நான் மூணு மாசம் கழிச்சிப் பாக்கறேன். நீ ஓடி வந்து கையப் புடிச்ச. ஐஸு.

நான் சொன்னதச் செஞ்சேன். அப்பா கால்ல வுழுந்தேன். என் வாழ்க்கைல அத மாரி ஒரு வேல நான் செஞ்சதில்ல. "நான் பொய் சொல்லிட்டேம்பா, மன்னிச்சிடுங்க"ன்னேன். அவரு குனிஞ்சார். அப்புறம் தோளத் தூக்கி நிறுத்தினார். ஜெபத்துல என் பேரு வந்திச்சி. அம்மா கோழி அடிச்சிது. நீ சாப்ட்ட. ரெண்டு தரம் வாங்கிச் சாப்ட்ட. "பாத்தியா, கர்த்தர் கேட்டுட்டார்"னு அம்மா பொடவைல மூக்கத் தொடச்சிக்குது. எனக்குச் சிரிப்பு வந்திச்சி. குதிரை போனா போவுது, கெலிச்சிட்டோம்னு நெனச்சேன்.

அப்புறம் நீ கொல்லைக்குப் போன. கொழாய ஃபுல்லா தொறந்து வுட்ட.

அந்தத் தண்ணி சத்தத்துக்கு அடியில இன்னா சத்தம்னு அந்த வூட்டுல எனக்கு மட்டும்தான் தெரியும் ஹில்டா. தெனமும் காலைல நாலு பேரு வரிசையா நின்னு செய்வோம், அத எந்தக் கொழாயும் மறைக்காது. படம் போட்டு சொல்லிக் குடுத்ததே நான்தானே.

வெளிய வந்து மூஞ்சி தொடச்சிக்கினு சிரிச்ச. நான் அங்கயே கத்திட்டேன், எனக்கு வேற எப்படிச் செய்யத் தெரியும்? "அப்பா, இவ இப்போ தின்னதெல்லாம் வாந்தி எடுத்துட்டா. வேணும்னே எடுத்தா. கேளுங்க அவள"ன்னேன். நீ இன்னா சொன்ன? கண்ணு சிமிட்டாம, "அண்ணன் பொய் சொல்றான்பா"ன்ன.

அப்பாவுக்கு அது போதும். "ரேஸ்ல போயி புத்தி கெட்டவன் கண்ணுக்கு எல்லாமே கேடாத்தான் தெரியும். உனக்காக எலும்பா தேஞ்ச புள்ள மேலயா பழி போடற? வெளிய போ." மூணு மணி நேரம்கூட இல்ல நான் அந்த வூட்டுக்குப் பையனா இருந்தது.

ஒனக்காக குதிரைய வுட்டேன். கால்ல வுழுந்தேன். நீ என்னப் பொய்யன்னு சொன்ன. அதுகூட எனக்கு வலிக்கல, சத்தியமா. நீ சிரிச்ச பாரு, கழுவிட்டு வந்து, அதான் மனசுல நிக்குது.

இங்க மறுபடியும் சாணி அள்ளறேன். ப்ளூ லேடிய வேற பையன் ஓட்டினான். நாலாவதா வந்திச்சி.

தனசிங்


பீர்க்கன்கரணை
26.5.88

அண்ணா,

எழுத்து கோணலாக இருக்கும். பேனா பிடித்தால் நடுங்குகிறது.

பொய் சொன்னது நான்தான். நீ சொன்னதுதான் உண்மை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. வாய் தானாகச் சொன்னது. அப்பா என்னைப் பார்த்த பார்வை ஒரு நிமிடத்தில் மாறிவிடும் என்று பயந்தேன். நீ அந்தப் பார்வையை எத்தனையோ முறை வாங்கியிருக்கிறாய், துடைத்துப் போட்டுவிட்டுப் போவாய். நான் ஒருமுறைகூட வாங்கியதில்லை.

ஆனால் இது அதைவிடப் பெரியது. நீ வந்தால் நிறுத்திவிடுவேன் என்று நான் உண்மையாகவே நம்பினேன். உன்னை ஏமாற்றவில்லை. நீ வந்தாய், நான் சாப்பிட்டேன், எழுந்து கை கழுவப் போகும்போதே உள்ளே ஏதோ ஒன்று, எடு எடு என்றது. நீ வந்தும் நிற்கவில்லை. அப்படியானால் இது உனக்காக இல்லையே. யாருக்காக? கர்த்தருக்காகவும் இல்லை. ஜெபிக்கவே மறந்து பல நாள் ஆகிறது. முழங்காலில் இருக்கும்போது இட்லியைத்தான் நினைக்கிறேன். இட்லியை எப்படித் தவிர்ப்பது என்று.

திங்கள்கிழமை கிளியம்மாள் அக்கா கடையில் விழுந்துவிட்டேன். மிஷின் விளிம்பு நெற்றியில் பட்டது. அக்கா தூக்கி உட்கார வைத்து, "எனக்குப் புள்ள இல்லடி, ஆனா கையில தூக்கினா கனம் தெரியும். நீ மனுஷக் கனத்துல இல்ல" என்று அழுதாள். மாதா மாதம் வருவது நின்றுபோனதை அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். உன்னிடம் எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேறு யாரிடம் எழுதுவது? வீட்டில் தடுக்கி விழுந்தேன் என்று சொன்னேன்.

இன்னொன்று. பெண்கள் சங்கத்தில் ஜூன் ஐந்து ஞாயிறு முதல் இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு நாள். இருபத்தொரு நாளும் நான். அன்று காலை ஆராதனையில் என்னை முன்னால் அழைத்துப் பொறுப்பைக் கொடுப்பார்கள். என்னைக் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்டார்கள். அம்மா சரி என்றாள். நானும் சரி என்றேன்.

அண்ணா, இருபத்தொரு நாள் நான் தாங்க மாட்டேன். எனக்கே தெரிகிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு ஒரு துடிப்பு விட்டு விட்டு அடிக்கிறது. ஆனாலும் என்னால் முடியாது என்று சொல்ல வரவில்லை. நீ எதற்கெடுத்தாலும் முடியாது என்பவன். அந்தச் சொல் எனக்குச் சோற்றுத் தட்டிடம் மட்டும்தான் வருகிறது, மனிதர்களிடம் வருவதில்லை.

செத்துவிடுவேனோ?

ஹில்டா


ஊட்டி
30.5.88

ஹில்டா,

ஒன் லெட்டரக் கையில எடுத்துக்கினு நேரா அந்த லேடி டாக்டர் வூட்டுக்கே ஓடினேன். ஜீவாவுக்குக் கட்டுப் போட்டவங்க. படிச்சிக் காட்டினேன். மாசம் நின்னத படிக்கும்போது எனக்கு வாய் வரல, அவங்களே வாங்கிப் படிச்சாங்க.

கேளு. இது வியாதி. இதுக்குப் பேரு இருக்கு. இங்கிலீஷ்ல இன்னாவோ சொன்னாங்க, நாக்குல நிக்கல, பேப்பர்ல எழுதி வாங்கியிருக்கேன். பாவம் இல்ல, பக்தியும் இல்ல, லூசும் இல்ல. நான் லூசுன்னு எழுதினத வாபஸ் வாங்கிக்கறேன். ஒன் வயசுப் பொண்ணுங்களுக்கு வரும், நல்லாப் படிக்கற, சொன்னபடி கேக்கற பொண்ணுங்களுக்கு ஜாஸ்தி வரும்னாங்க. நெஞ்சு விட்டு விட்டு அடிக்குதுன்னதும் அவங்க மூஞ்சி மாறிடிச்சி. ஒடனே ஆஸ்பத்திரில சேக்கணும், ஒரு வாரம்கூட தள்ளக் கூடாதுன்னாங்க. மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு லெட்டர் குடுத்திருக்காங்க. இதோட வெச்சிருக்கேன். கிளியம்மா அக்காவுக்கும் தனியா ஒரு கார்டு போட்டுட்டேன்.

இன்னொண்ணு அவங்ககிட்ட நான் சொல்லல. ஒனக்குச் சொல்றேன்.

மே பதினாலு போச்சி ஹில்டா. எனக்கு ரைடும் இல்ல, தராசும் இல்ல. யாரும் என் எடையக் கேக்கல. சாணி அள்றவன் எவ்ளோ கனம் இருந்தா யாருக்கு இன்னா? ரெண்டு பிரியாணின்னு பெருசா எழுதினேன்ல? வாங்கினேன். தின்னேன். பாதி தெருகூட தாண்டல, செவுத்தப் புடிச்சிக்கினேன். அடுத்த நாளு இட்லி. அதுவும் அப்டித்தான். நேத்திக்குக் கஞ்சி. எனக்கு ஒரு தேதி இருக்கு, ஒனக்கு இல்லன்னு ஒன்கிட்ட பீத்திக்கினேன். எனக்கும் இல்ல.

அதனால ஒனக்குப் புத்தி சொல்ற யோக்கியத எனக்கு இல்ல. ஆனா வழி ஒண்ணு தெரியுது.

நான் வந்து கத்தினா ஒண்ணும் நடக்காது. மறுபடியும் நான்தான் பொய்யன். அப்பாவுக்கு லெட்டர் போட்டிருக்கேன், எல்லாத்தையும் எழுதியிருக்கேன், என்னப் பத்தியும் எழுதியிருக்கேன். கிழிப்பாரோ என்னவோ. நீ சொன்னாத்தான் நம்புவாங்க. ஞாயித்துக்கெழம முன்னாடி கூப்புடுவாங்கல்ல, அப்போ சொல்லு. நீளமா வேணாம். "என்னால முடியாது." அவ்ளோதான். என்ன மாரி கத்த வேணாம். ஒன் சத்தத்துலயே சொல்லு.

அப்பா மூஞ்சி மாறும். மாறட்டும். நான் பதினேழு வருஷமா அந்த மூஞ்சியப் பாத்துக்கினு வரேன், யாரும் அதால சாகல. சாப்புடாமதான் சாவாங்க.

சாகாதடி. தயவுசெஞ்சி.

தனசிங்


மெட்ராஸ், பெண்கள் வார்டு
9.6.88

அன்புள்ள அண்ணா,

கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடது கையில் குளுக்கோஸ் ஏறுகிறது.

ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயா என் பெயரைச் சொல்லி அழைத்தார். நடந்து போனேன். வெள்ளைப் புடவை கட்டிவிட்டிருந்தாள் அம்மா. சங்கத் தலைவி அம்மா மைக்கை என் கையில் கொடுத்தார். அது கனமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னால் முடியாது" என்றேன். யாருக்கும் புரியவில்லை. சிலர் ஆமென் என்றார்கள்! மறுபடியும் சொன்னேன். "நான் செய்றது உபவாசம் இல்ல. எனக்குச் சாப்பிட முடியல. சாப்பிட்டா வாந்தி எடுத்துடறேன். அண்ணன் பொய் சொல்லல, நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

சங்கத் தலைவி அம்மா மைக்கை வாங்கிக்கொண்டு, பிள்ளையைச் சத்துருவான சாத்தான் பிடித்திருக்கிறான், எல்லாரும் ஜெபியுங்கள் என்றார். அப்பா எழுந்து பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டார். முகம் மாறியதா என்று நான் பார்க்கவில்லை, கண் இருட்டிவிட்டது. பின் வரிசையிலிருந்து கிளியம்மாள் அக்கா ஓடி வந்து பிடித்தாள். அவள் எங்கள் சபை இல்லை, அன்று முதல்முறையாக உள்ளே வந்திருக்கிறாள். "சத்துருவும் இல்ல மித்ருவும் இல்ல, தள்ளுங்கம்மா, காத்து வரட்டும்!" என்று அவள் கத்தியது மட்டும் காதில் விழுந்தது. கண் விழித்தபோது அம்மாவின் மடியில் இருந்தேன். அம்மா என் மணிக்கட்டைத் தன் இரண்டு விரலால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பத் திரும்ப.

மறுநாள் காலை அப்பாதான் என் பையைத் தூக்கிக்கொண்டு எலெக்ட்ரிக் டிரெயினில் ஏற்றினார். உன் இன்லண்டு லெட்டர் அவர் சட்டைப் பையில் இருந்தது, நீலம் தெரிந்தது. பிரித்த லெட்டர்தான். தினமும் வார்டு வாசல்வரை வருகிறார். உள்ளே வருவதில்லை.

நன்றாகிவிட்டேன் என்று எழுத மாட்டேன். நேற்று மதியக் கஞ்சி நிற்கவில்லை. ஆயா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், கழிவறைக்குத் தனியாக விடுவதில்லை. அவரை எனக்குப் பிடிக்கவில்லை. இரவில் அந்த எடு எடு வருகிறது. பெரிய டாக்டர், இன்னும் மூன்று வாரம் தள்ளியிருந்தால் என்று ஆரம்பித்துவிட்டு, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். என் அண்ணனுக்கும் இதே வியாதி, ஒரு கட்டில் கொடுங்கள் என்றேன். சிரித்தார். "பையன்களுக்கு இது வராதும்மா. அவன் ரேஸ் பையன், வேலைக்காகப் பட்டினி கெடந்திருப்பான். வயிறு சுருங்கியிருக்கும். நல்லாச் சாப்பிடச் சொல்லு, சரியாயிடும்." வேலை போய்விட்டது டாக்டர், இன்னும் நிற்கவில்லை என்றேன். கேஸ் ஷீட்டை மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மறுநாளும் சொன்னேன். இன்று காலையும் சொன்னேன். "நீ சொன்னபடி கேக்கற பொண்ணுன்னு உங்கம்மா சொன்னாங்களே" என்று சலித்துக்கொண்டார். நாளையும் சொல்வேன்.

எனக்கு வியாதியின் பெயர் எழுதிய அட்டை கட்டிலில் தொங்குகிறது. உனக்கு ஒன்றும் இல்லை. லாயத்தில் பக்கத்தில் படுப்பவனும் அதையே செய்கிறான், யார் உன்னைப் பார்ப்பார்கள்? குதிரையோடு வரும்வரை காத்திருக்காதே. இன்றே கிளம்பு. பெரிய டாக்டர் உன் மணிக்கட்டைக் கண்ணால் பார்க்கட்டும். பார்வை நேரம் மாலை நான்கு. வாசலில் அப்பா நிற்பார். அவர் பேசினால் பேசு, பேசாவிட்டால் தாண்டி வா.

வந்ததும், சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஐந்து மணிக்கு எனக்குக் கஞ்சி வரும். இன்னொரு டம்ளர் கேட்டு வைத்திருக்கிறேன்.

ஹில்டா